தென்னோலையின் அடிப்பக்கத்தை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் ஈர்க்கு விளக்குமாறு கட்டி விற்கிறவள். ஓலை கிழித்து ஈர்க்கு உருவும்போது கையில் பச்சைச் சாறுதான் ஒட்டும். போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒருநாள் கை கறுத்துப் போனது. சட்டிக்கரி மாதிரி. சவர்க்காரம் போட்டும் லேசில் போகாத பிசுபிசுப்பு. ஓலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்க மாக்கோலம் போட்டதுபோல வெள்ளைச் சுருள்கள். தட்டினேன். தூசிபோல் எழும்பி, சோம்பலாக ஒரு முழம் பறந்து, திரும்பவும் அதே ஓலையில் வந்து குந்தின. வெள்ளை ஈ.

இது நம் நாட்டுப் பூச்சி அல்ல. மத்திய அமெரிக்கப் பக்கத்தது. 2016இல் பொள்ளாச்சித் தோப்புகளில் கண்டார்கள், பிறகு இலங்கைக்கும் வந்துவிட்டது. ஓலையின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீராகக் கழிக்கும். அந்த நீர் விழுந்த இடமெல்லாம் கரும்பூஞ்சணம் படரும். என் கையில் ஒட்டியது அதுதான்.

எங்கள் மாதர் சங்கத்தில் சொன்னேன். எட்டுப் பேர் சேர்ந்தோம். ஞாயிறு காலையில் வளவு வளவாகப் போய்ப் பார்த்து எழுதுவது என்று முடிவு. ஆனால் எப்படிப் பார்ப்பது? இங்குள்ள தென்னைகளில் பாதி, 1978 நவம்பர் சூறாவளி எல்லாவற்றையும் சரித்த பிறகு எங்கள் அம்மாமார் வைத்தவை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகுமே தவிர ஒன்றும் தெரியாது. எங்களோடு வந்த ஒரு அக்காதான் வழி சொன்னார்: “மரத்தை விடுங்க புள்ள, மரத்துக்குக் கீழ பாருங்க.” சரியான பேச்சு. கீழே நிற்கிற வாழையிலையும் மஞ்சள் செடியின் இலையும், சில வீடுகளில் தகரக் கூரையும் கறுத்திருந்தால் மேலே ஈ இருக்கிறது. கறுப்பு இல்லாவிட்டால் அடுத்த வளவு.

முதல் ஞாயிறு செய்த பிழைகளையும் சொல்ல வேண்டும். வெள்ளையாகக் கண்டதெல்லாம் ஈ என்று எழுதிவிட்டோம். கொய்யாவில் இருந்த வெண்மூட்டுப் பூச்சியும் கணக்கில் ஏறியது. கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் ஓலை வெட்டுப்பட்டிருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை, அதையும் சேர்த்துவிட்டோம். விவசாயம் படித்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி கைக்கண்ணாடியோடு வந்து எல்லாவற்றையும் திருத்தினாள். அவள் காட்டிய ஒன்றை மறக்க மாட்டேன். வெள்ளைக் கூடுகளுக்கு நடுவே சில கறுத்திருந்தன. சிலவற்றில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. ஈயின் குஞ்சுக்குள் வளர்ந்து அதைத் தின்று வெளியேறுகிற சின்னக் குளவி விட்டுப்போன வாசலாம். 2008இல் வெண்மூட்டுப் பூச்சி பிடித்து நம் பப்பாசி மரங்களெல்லாம் வெள்ளை பூத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவிதான் அதையும் அடக்கியது.

அதனால்தான் என் தம்பி மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது வாசலிலேயே மறித்தேன். ஈயோடு குளவியும் சாகும், மறுகா ஈ மட்டும் திரும்பி வரும். அவனுக்குக் கோபம். எட்டுகிற மரங்களுக்குத் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினோம், ஈ வந்து ஒட்டட்டும் என்று மஞ்சள் பொலித்தீனில் கிறீஸ் பூசிக் கட்டினோம். ஓரளவு குறைந்தது. மிச்சத்தை மாரி மழை கழுவியது.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. விளக்குமாற்றுக்காக ஊரூராக ஓலை ஏற்றி வந்தவளும் நான்தான். எங்கள் ஒழுங்கைக்கு ஈயை நானே கொண்டுவந்தேனோ தெரியாது. தெற்கில் வெலிகம வாடல் நோயை 2006இல் கண்ட பிறகு, அங்கிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுபோவதைத் தடுத்தார்கள். ஓலையைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது நான் ஓலையை அங்கேயே கிழித்து ஈர்க்கை மட்டும் எடுத்து வருகிறேன்.

எழுதிய தாள்களை ஒழுங்காக அடுக்கி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “இதுக்குப் படிவம் ஒன்றும் இல்லையே அம்மா” என்றார். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மூன்று கிழமை கழித்துப் போனபோது தாள்கள் வைத்த இடத்திலேயே இருந்தன, மேல் தாளில் தேநீர்க் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடம் வளவில் நின்று, பயிரை அழிக்கிற குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணச் சொல்லி அரசாங்கம் கேட்டதே. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அன்றைக்கு எழுதப் படிவம் இருந்தது. குரங்கு பறிக்கிற தேங்காய்க்கு ஒரு கணக்கு இருக்குமென்றால், காய் பிடிக்க முன்னமே சாற்றைக் குடிக்கிற ஈக்கும் ஒன்று இருக்கலாம். 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாய் வரை போனபோது பாதித் தேங்காய் வாங்கிச் சம்பல் அரைத்த வீடுகள் இங்கே உண்டு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படிவம், ஒரு தொலைபேசி இலக்கம், கொடுத்த தாளைப் படித்தோம் என்று ஒரு பதில். முடிந்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூச்சி தெரிந்த ஒருவர் எங்களோடு நடக்கட்டும். சம்பளம் கேட்கவில்லை, தேநீர் நாங்களே தருவோம்.

வருகிற ஞாயிறு தேத்தாத்தீவுப் பக்கம் போகிறோம். இந்த முறை தாளில் மூன்று பிரதி எடுக்கிறோம். யாரிடம் கொடுப்பதென்று உங்கள் பத்திரிகை வழியாக யாராவது சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
விளக்குமாறு கட்டும் ஒருத்தி,
களுதாவளை.