ஆப்பிரிக்கக் காட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை நெருங்கினால் பயணப் பக்கங்களில் ஆப்பிரிக்கா வந்துவிடுகிறது. ஜீப்பில் நின்று சிங்கம் பார்ப்பதைப் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். ‘வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கவும் செய்யலாம்’ என்பதோ ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் நம்பிப் பணம் கட்டுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருப்பதால் இக்கடிதம்.

எல்லா இடத்திலும் நடக்க முடியாது. கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்குள் அதற்கு அனுமதி இல்லை. அதை ஒட்டி, மசாய் மக்களின் நிலத்தில் இயங்கும், கன்சர்வன்சி எனப்படும் தனிக் காப்பகங்களில்தான் நடக்கலாம். நடைக்கென்றே பேர்பெற்றவை ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா, ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ், தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் ஆகிய தேசியப் பூங்காக்கள். க்ரூகரில் 1978ல் தொடங்கிய வோல்ஹூட்டர் நடைத்தடம் போன்றவற்றில் மூன்று இரவு காட்டுக்குள்ளேயே தங்கி நடக்கலாம். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு இடமில்லை. “எங்க பையன் சமர்த்து, சத்தமே போட மாட்டான்” என்று தயவுசெய்து கெஞ்சாதீர்கள். பயந்தால் ஓடுவது பிள்ளைகளின் இயல்பு. காட்டில் ஓடுவது எதுவோ அதுதான் இரை.

க்ரூகரில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் இருவர் முன்னால் போவார்கள். லுவாங்வாவில் முதலில் துப்பாக்கியோடு வனக் காவலர், அவர் பின்னால் வழிகாட்டி, பிறகு விருந்தினர்கள், கடைசியாகத் தேநீர்ப் பையைச் சுமப்பவர். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விடாமல், பேசாமல் நடக்க வேண்டும். விலங்குக்கும் ஆட்களுக்கும் நடுவில் துப்பாக்கி இருந்தாக வேண்டும் என்பதற்காகவே இந்த ஒழுங்கு. படம் எடுக்க ஒருவர் இருபதடி பின்தங்கினால் போதும். அந்த இடைவெளியில் எருமை புதரைவிட்டு வெளியே வந்தால், குறி வைக்கும் நேர்கோட்டில் நம் ஆளே நிற்பார். அவர்கள் கையில் இருப்பது பாயிண்ட் 375 அல்லது அதற்கும் பெரிய ரகத் துப்பாக்கி. ஆனால் அதைத் தோளில் வைக்க வேண்டிய நிலை வராமல் கூட்டி வருபவரே நல்ல வழிகாட்டி.

அவர் கையில் துணியில் கட்டிய சிறு சாம்பல் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நாலு எட்டுக்கு ஒருமுறை அதைத் தட்டுவார். தூள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் காற்று போகும் திசை. யானை, எருமை, காண்டாமிருகம் மூன்றும் கண்ணைவிட மூக்கை நம்புபவை. நம் வாடை அவற்றை எட்டாத பக்கமாகச் சுற்றிப் போவதுதான் அவருடைய வேலையில் பாதி. சென்ட்டும் மணக்கும் தலைத்தைலமும் அந்த வேலையைக் கெடுக்கும்.

யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, புழுதி கிளப்பி வந்தால் பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி வந்தால் நிஜம். இரண்டில் எது என்று முடிவு செய்வது வழிகாட்டி. நீங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நிற்க வேண்டும். சிங்கத்திடமும் அப்படியே: முதுகைக் காட்டக் கூடாது, ஓடவே கூடாது. எருமை என்றால் மரத்துக்கோ பெரிய கரையான் புற்றுக்கோ பின்னால் ஒதுங்கச் சொல்வார். நீர்யானை இரவெல்லாம் கரையில் மேய்ந்துவிட்டு விடியலில் ஆற்றுக்குத் திரும்பும். அதற்கும் தண்ணீருக்கும் குறுக்கே நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை.

பெரிய விலங்குகளை நெருங்கிப் பார்க்க ஜீப்தான் சரி. நடை காட்டுவது தரையை. சிவிங்கிப்புலி (சீட்டா) நீங்கலாகப் பூனை இனத்தின் தடத்தில் நகம் பதியாது, கழுதைப்புலியின் தடத்தில் பதியும். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். நம் முதுமலை யானைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கறுப்புக் காண்டாமிருகத்தின் சாணத்தைக் கிளறினால் கத்தரியால் சாய்த்து வெட்டியது போன்ற குச்சித் துண்டுகள் கிடக்கும். புல் மட்டுமே தின்னும் வெள்ளைக் காண்டாமிருகத்தின் சாணத்தில் அவை இருக்காது. மணலில் புனல் மாதிரிக் குழி தோண்டி எறும்புக்குக் காத்திருக்கும் குழியானைப் பூச்சியை அங்கேயும் காட்டுவார்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

உடை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். காடு என்றதும் ராணுவப் புள்ளி போட்ட சட்டை வாங்குகிறார்கள். ஜாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். வெள்ளையும் சிவப்பும் தூரத்திலிருந்தே தெரியும். நீலமும் கறுப்பும் ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்களை இழுக்கும். அந்த ஈக்களைப் பிடிக்க வைக்கும் பொறியே அந்த நிறத் துணிதான். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை போதும். வேலமுள் மெல்லிய அடியைத் துளைத்துவிடும் என்பதால் தடித்த அடியுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகி, திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தடவிப் பாருங்கள்.

நைரோபி, ஆடிஸ் அபாபா வழியாகத் தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் அந்த இடைவழி விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

இந்தக் காடுகள் மலேரியாப் பகுதிகள். மருத்துவரைக் கேட்டு, புறப்படும் முன்பே தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் காட்டைவிட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டிருந்தாலும் அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், ‘வைரல்தான்’ என்று பாரசிட்டமாலோடு வீட்டில் இருக்காமல், போய்வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் சொல்லி அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கோவை