பழைய நாசிலைத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பார்ட்ஸ் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். தாத்தா லாரியை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று நீ அதை ஓசூர் வரைக்கும் கொண்டுபோனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் அந்த நாசில் செட்டை மட்டும் இப்போது வாங்காதே.

பட்டியலில் அதற்கு நேரே "பழைய டாடா எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கிறார்களே, அது நடக்காத காரியம். நம் வண்டி 1964 மாடல். டாடா, மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது 1954-ல். அந்தக் கூட்டு 15 வருஷம் இருந்தது. நம் வண்டி மூக்கில் நட்சத்திரம் இருப்பது அதனால்தான். என்ஜின் 312. அதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் விழாது. ஹெட்டுக்குள் இருக்கிற சின்ன அறையில் முதலில் பற்றி, அங்கிருந்துதான் சிலிண்டருக்குள் பாயும். அதற்கு ஊசி முனை துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிண்டில் நாசில்தான் வேண்டும். பின்னால் வந்த, டீசல் நேராகவே விழும் டைரக்ட் என்ஜின்களுக்கு, பொடித் துளைகள் வழியே தெளிக்கும் ஹோல் நாசில். பொதுவாக பிண்டில் 100-லிருந்து 130 கிலோ பிரஷருக்குள் திறக்கும், ஹோல் நாசிலுக்கு 175-க்கு மேல் வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

நாசில் உடம்பில் பொடி எழுத்தில் நம்பர் பொறித்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். டிஎன் என்று தொடங்கினால் பிண்டில், டிஎல்எல்ஏ என்றால் ஹோல். டிஎன்-க்கு அடுத்த எண் டீசல் எத்தனை டிகிரி விரிந்து தெளிக்கும் என்பதைச் சொல்லும். பூஜ்யத்துக்குப் பதில் 12 போட்டாலும் மாட்டும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் புகையும். ஆகவே கடையில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதே, நம்பரைச் சொல்லிக் கேள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரு தடவை விலை குறைவு என்று ஒரு கடையில் ஆறு நாசில் வாங்கி மாட்டிவிட்டேன். பெட்டி, லேபிள் எல்லாம் அசல் மாதிரியே இருந்தது. மூன்றாம் நாள் சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏற்றத்தில் போகும்போது கரும்புகை, சுத்தியலால் அடிக்கிற மாதிரி தட்டல். இரண்டு நாசில் தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்க தாத்தா கல் முட்டுக்கொடுத்துவிட்டு வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. விடிந்ததும் ஒரு நாசிலைக் கழற்றி, சுத்தமான டீசலில் நனைத்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துவிட்டு, "பார்" என்றார். நல்ல நாசிலில் ஊசி தன் எடையிலேயே மெதுவாக வழுக்கி இறங்கும். அது பாதியில் நின்றுவிட்டது. நீயும் வாங்கும் ஒவ்வொன்றையும் இப்படிப் பார். ஊசியின் வழவழப்பான இடத்தில் விரல் படக்கூடாது, வேர்வை பட்டால் துரு ஏறும். ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் போடாதே, அவை ஜோடியாகவே தேய்த்துச் செய்தவை.

நான் ரொம்பப் பயப்படுவது பம்புக்குத்தான். நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் நம் மைக்கோ கம்பெனி பம்பின் பின்பக்கம் தட்டு மாதிரி வட்டமாக இருக்கிறதே, அது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர். அதற்குள் டயாபிரம் என்கிற தோல் சவ்வு. என்ஜின் இழுக்கிற காற்றின் வேக்குவம் அதைப் பிடித்திருப்பதால்தான் டீசல் அளவாகப் போகிறது. தோல் கிழிந்தாலோ, வேக்குவம் பைப் கழன்றாலோ, டீசல் அளவை மாற்றும் ராக் என்ற கம்பியை ஸ்பிரிங் முழு டீசலுக்குத் தள்ளிவிடும். என்ஜின் கத்திக்கொண்டு ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. இத்தனை வருஷம் நின்ற வண்டியில் அந்தத் தோல் காய்ந்து வெடித்திருக்கும் என்றே வைத்துக்கொள். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, வேக்குவம் வாயை விரலால் அடைத்துவிட்டு லீவரை விடு. ராக் அங்கேயே நிற்க வேண்டும். சட்டென்று திரும்பினால் புது டயாபிரம் போடாமல் செல்ஃப் அடிக்கவே அடிக்காதே. கண்ணு, இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

பம்புக்குள் இருக்கும் எலிமென்ட், டெலிவரி வால்வு எல்லாம் பம்பு கடைக்காரர் டெஸ்ட் பெஞ்சில் பார்த்துச் சொல்லட்டும். தேயாததை மாற்ற வேண்டாம். ரப்பர் வாஷர், ஓ-ரிங் மட்டும் எல்லாமே புதிதாகப் போடு, டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்கு. 2020 ஏப்ரலிலிருந்து நம் பெட்ரோல் பங்க்குகளில் வருவது பிஎஸ்-6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்-க்குள். கந்தகத்தை எடுக்கும்போது ரப்பரை ஊற வைக்கும் சரக்கும் குறைந்துபோகிறது. பழைய டீசலில் ஊறிப் பழகிய ரப்பர் இதில் சுருங்கிக் கசியும்.

நாசில் பைப் ஆறும் ஒரே நீளம். வளைவு அசிங்கமாக இருக்கிறது என்று ஒன்றை வெட்டிச் சின்னதாக்கினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகும் நேரம் மாறிவிடும். நாசிலுக்கு அடியில் செம்பு வாஷர் ஒன்றுதான், பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுவார்கள், டார்ச் அடித்துப் பார். டேங்க்கைக் கழுவி உள்ளே துரு எடுத்தால் போதும். புது டேங்க் செய்வதாக இருந்தால் துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், அது டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி நாசிலை அடைக்கும்.

நம் வண்டியில் இருந்த பழைய நாசில் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. துணியில் சுற்றி பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், நம்பர் நன்றாகத் தெரிகிறது. எல்லாம் மாட்டி முடித்ததும் சொல். டீசல் பைப்பில் சிக்கிய ஏரை எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஹேண்ட் பம்பு அடிக்க, ஒருவர் ஸ்குரூவை இளக்கி நுரை நிற்கிறதா என்று பார்க்க. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா
சங்ககிரி