பெயின்ட் டப்பாவை வாங்கிவிடாதே

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் பம்பு கன்ட்ரோலர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிக்கு உள்ளே ரேடியோ அலை கசியாமல் இருக்க, மின்சாரம் கடத்தும் கண்டக்டிவ் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்கிறாயே, கொஞ்சம் பொறு. நீ அனுப்பிய லேப் ரிப்போர்ட்டில் 72, 120, 168 மெகாஹெர்ட்ஸில் பெட்டியிலிருந்து வரும் ரேடியோ அலை அனுமதித்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. உன் போர்டில் ஓடுவது 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக். அதை 3, 5, 7 ஆல் பெருக்கிப் பார். இந்த ரேடியோ இரைச்சல் பிறக்கும் இடம் தெரிந்துவிட்டது. வெளியே போகும் வழிதான் தெரிய வேண்டும். எனக்குத் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் ஒயர் மேல்தான் சந்தேகம். 120 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 மீட்டர். அதில் கால் பங்கு, 62 சென்டிமீட்டர் ஒயர் இருந்தாலே நல்ல ஆன்டெனா. உன் போர்டோ ஒரு சாண்கூட இல்லை. ஒயர் பெட்டிக்கு வெளியே நீண்டிருக்கும்போது பெயின்ட் அடித்து என்ன பயன்?

எல்லையைத் தொட ஒயரில் எவ்வளவு கரண்ட் போதும் தெரியுமா? ஒரு மீட்டர் கேபிளில், 50 மெகாஹெர்ட்ஸில், வெறும் 5 மைக்ரோ ஆம்பியர். 3 மீட்டர் தள்ளி மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் வந்துவிடும். வீட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அந்த அலைவரிசையில் வைத்திருக்கும் எல்லையே அதுதான்.

இதை உன் மேசையிலேயே பார்க்கலாம். கேபிளில் மாட்டுகிற, இரண்டாகத் திறக்கும் ஃபெரைட் (கறுப்புக் காந்தப்பொருள் வளையம்) ஒன்றை எடுத்து, அதன் ஒரு பாதியில் மெல்லிய எனாமல் ஒயரைப் பத்துச் சுற்று சுற்று. இரண்டு முனையையும் கோஆக்ஸ் கேபிளில் சால்டர் செய்து எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கொடு. டைனிஎஸ்ஏ போன்ற சின்னது போதும். சென்சார் ஒயரை நடுவில் விட்டு மூடு. 5 மைக்ரோ ஆம்பியர் என்றால் திரையில் ஏறக்குறைய மைனஸ் 80 டிபிஎம் (சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு) காட்டும். அந்த எண்ணை அப்படியே நம்பாதே, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பு. முதலில் கன்ட்ரோலரை ஆஃப் செய்துவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள். 88 முதல் 108 வரை எஃப்எம் நிலையங்கள் வரிசையாக நிற்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே.

அப்புறம் ஒயரைப் பிடுங்கிப் பார், மாற்றிப் பார். கனெக்டர் பக்கத்திலேயே ஒயரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், இல்லையென்றால் ஒயர் வெளியேறும் இடத்தில் ஒரு ஃபெரைட். ஒவ்வொன்றாகச் செய், இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. லேபில் 6 டெசிபெல் தாண்டியிருந்தால் மேசையில் 12 ஆவது இறங்கட்டும், பிறகு லேபில் மறுசோதனைக்குத் தேதி வாங்கு. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது லேபில் உட்கார்ந்து சால்டர் செய்யும் நிலைமை எந்தச் சின்ன கம்பெனிக்கும் வரக் கூடாது. நல்ல டிசைன்காரர்கள் அங்கேதான் மனசு விட்டுப்போகிறார்கள்.

மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் கான்டாக்டர் சுவிட்ச் விழும்போது கன்ட்ரோலர் ரீசெட் ஆவது தனிக் கதை. அதன் காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (திடீர் வோல்டேஜ் எகிறலை அடக்கும் சர்க்யூட்) போட்டிருக்கிறாயா என்று மட்டும் பார்த்து வை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தோட்டத்தில் போடுகிற அதே நீள சென்சார் ஒயரை எடுத்து வை. துண்டு ஒயர் வேண்டாம்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் ரூம்மேட்