குடும்ப வன்முறையைக் 'குடும்பத் தகராறு' என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்ப வன்முறைச் செய்தி வந்தாலே, "இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு ஏன் அங்கேயே இருந்தாள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அடித்தவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளியேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. அவள் விலகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியவரும் நேரமும், விலகிய பிறகு வரும் சில மாதங்களும்தான் உயிருக்கே அதிக ஆபத்தானவை. கையில் பணமில்லை, பிள்ளைகளை விட்டுவர மனமில்லை, போனையும் அவன் பார்க்கிறான். இந்த நிலையில் எப்படிச் சட்டென்று கிளம்ப முடியும்?

குடித்தால்தான் இப்படி என்பார்கள். குடி வன்முறையைக் கூட்டும், உண்மைதான். ஆனால் மேலதிகாரி முன்னால் அடங்கிப் போகும் கோபம் வீட்டுக்குள் மட்டும் ஏன் அடங்குவதில்லை?

அப்புறம், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், பெற்றவர்களிடம் பேசவிடாமல் தடுப்பதும்கூட வன்முறைதான். இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பதும் இல்லை. உலக அளவில், துணையோடு வாழ்ந்த 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர் துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது.

ஒருவர் அடித்து ஒருவர் அடிபட்டதைத் 'தகராறு' என்று எழுதினால் இருவர் மீதும் பழி விழுகிறது. உங்கள் செய்திகளில் அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி