பிரித்தது ரெண்டு பொட்டலம், பில்லில் பத்து

மலேசியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

அம்மாவுக்கு இனிப்புநீர் நோய். காலில் புண் வந்து ஆறாமல் இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிக் கட்டு மாற்றிக்கொண்டு வந்தோம். திடீரென்று புண் மோசமானதும் பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கால் பிழைத்தது.

பில்லில்தான் சிக்கல். டாக்டர் கட்டணம் தனியாக இருந்தது, வார்டு தனியாக, மருந்து தனியாக. அதன்பின் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பொருள்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வரியில் ‘டிஸ்போசபள்’ என்று போட்டுப் பக்கத்தில் மொத்தத் தொகை. விவரம் வேண்டும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, “இருங்க அக்கா, பிரிண்ட் போட்டுத் தர்றேன்” என்று முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தது. இரண்டு பக்கம். எல்லாம் சுருக்கெழுத்தும் அந்த மருத்துவமனை தானே வைத்துக்கொண்ட எண்களும்.

அதில் ஐந்தாவது வரி, புண்ணின்மேல் வைத்துக் கட்டும் காஸ் துணி. எண்ணிக்கை 10, விலை 3.80, ஆக மொத்தம் 38 ரிங்கிட். கட்டு மாற்றும்போது நான் அம்மாவின் தலைமாட்டில்தான் நின்றேன். தாதி இரண்டு பொட்டலத்தை உரித்தார். ஒரு பொட்டலத்துக்குள் ஐந்து துண்டு. துண்டு பத்து, சரி. ஆனால் 3.80 என்பது பொட்டலத்தின் விலை. பொட்டலத்தின் விலையைத் துண்டின் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டார்கள். 7.60 வரவேண்டிய இடத்தில் 38.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஸ்டோரில் பொட்டலக் கணக்கு, வார்டில் துண்டுக் கணக்கு, பில் போடுகிறவருக்கு வெறும் எண் மட்டும். யாருக்கும் தப்பு நேரும். திருத்தியும் கொடுத்தார்கள். ஆனால் நான் தலைமாட்டில் நின்றிருக்காவிட்டால்? காப்புறுதி நிறுவனம் கட்டிவிடும், பிறகு பிரீமியம் ஏறும்போது எல்லாரும் சேர்ந்து புலம்புவோம்.

கிருமி நீக்கிய பொருளுக்குக் கூடுதல் விலை இருப்பது நியாயம்தான். உறையைப் பிரித்துவிட்டால் பயன்படுத்தாமல் போனாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும், இன்னொருவருக்கு வைக்க முடியாது. அதற்கும் காசு கேட்கட்டும். எது கிருமி நீக்கியது, எது சாதாரணம், பிரித்தது எத்தனை என்று எழுதிவிட்டுக் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவில், பெரும்பாலும் முதியவர்களுக்கான அரசாங்கக் காப்புறுதியான மெடிகேர் பில்லுக்கு 16 சதுர அங்குலத்துக்கு மேற்படாத, ஒட்டும் ஓரமில்லாத காஸ் என்றால், கிருமி நீக்கியதற்கு ஏ6402, நீக்காததற்கு ஏ6216 என்று தனித்தனிக் குறியீடு. ஒவ்வொரு துண்டும் ஓர் அலகு. பொட்டலமா துண்டா என்ற குழப்பத்துக்கே அங்கே இடமில்லை. அந்த நாட்டு மருத்துவச் செலவைப் பார்த்து நாம் பொறாமைப்பட ஒன்றுமில்லை. இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் கீழ் வந்த 13-ஆவது அட்டவணை டாக்டர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது. 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். காஸ், ஊசி, டியூப், கையுறை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கின்றன. விலையைக் கட்டுப்படுத்துவது பெரிய வேலை, தெரியும். முதலில் எல்லாத் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒரே குறியீட்டுப் பட்டியல் கொடுங்கள். பொருளின் பெயர், அளவு, கிருமி நீக்கியதா, அலகு துண்டா ஜோடியா பொட்டலமா என்பதெல்லாம் கேட்காமலே பில்லில் வரட்டும். மலாயிலும் தமிழிலும் ஒரு விளக்கத் தாள் இருந்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கும் உதவும்.

கையுறை வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு ஜோடி. முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “நாங்க வெட்டுன பாலுக்கு என்னா வெல போட்டுருக்கான் பாரு” என்று சிரித்தார்.

பில்லின் நகலை அம்மாவின் பெயரை மறைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஐந்தாவது வரியை பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெண் ஒருத்தி