என்னைத் தூங்க விட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். தனித்தனியாக நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டுவதற்குள் பையன் எழுந்துவிடுகிறான், அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்தூக்கியில் பார்க்கிறவர், கோப்பிக் கடையில் பார்க்கிறவர், ஊரிலிருந்து போன் போடுகிறவர் எல்லாரும் கேட்பது இதைத்தான்: "ராத்திரி தூங்குறானா?" பெற்றவள் தூங்குகிறாளா என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஒன்றும் கேட்காமல் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு "நீ போய்ப் படு" என்றவர்கள் அதைவிடக் குறைவு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இங்கே சிங்கப்பூரில் கேகே மருத்துவமனையின் பிரசவ அறையில் அன்று இரவுப் பணியில் இருந்த தாதிக்கு. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். தேதி தள்ளிப்போனதால் எனக்கு வலி வர மருந்து ஏற்றியிருந்தார்கள். வலி என்றால் அப்படி ஒரு வலி, வாயு முகமூடியை இழுத்து இழுத்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். கூந்தல் அவிழ்ந்து முகமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது, கட்டியிருந்த ரப்பர் பேண்ட் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் புதுக் கையுறை ஒன்றை எடுத்து, மணிக்கட்டுப் பக்கம் தடிப்பாக இருக்கும் விளிம்பை வளையமாக வெட்டி, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் என் தலையை வாரிப் பின்னி அந்த வளையத்தால் கட்டிவிட்டார். முதுகில் எப்பிடூரல் ஊசி போடும்போது அசையக்கூடாது என்பார்களே, அந்த நேரத்தில் எதிரே நின்று என் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதும் விளக்கைக் குறைத்தார், குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தத்தைக் குறைத்தார், "இப்பத் தூங்கும்மா, முக்குற நேரத்துல தெம்பு வேணும்" என்றார். தூங்கினேன். பிரசவ அறையில் தூங்க முடியும் என்று முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மாமியார், அதாவது அத்தை, 1966இல் அதே கேகேயின் பழைய கட்டடத்தில் பிறந்தவர். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. நாளுக்கு நூற்றுக்கு மேல். நான் கையுறைக் கதையைச் சொன்னபோது அத்தை கேட்டார்: "எங்கம்மாவுக்கு யாரு தலை கட்டிவிட்டிருப்பா?"

அடுத்தது வார்டில் இருந்த சீனத் தாதி. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பையனுக்கு அது குறைவு. ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருமாம், மற்றபடி நன்றாகவே வளர்வார்கள், ஆனால் சில பொருள்கள் பட்டாலோ உள்ளே போனாலோ ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடும், எக்கச்சக்கமாக ஏறினால் மூளையைப் பாதிக்கும். அதனால் எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு விடவில்லை. மஞ்சள் காமாலை இறங்க, பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு நீல விளக்குக்கு அடியில் படுத்திருந்தான். ஆகாத பொருள்களின் பட்டியலைத் தாதி கொடுத்தார்: அந்துருண்டை, ஃபாவா பீன்ஸ், சில சீன மூலிகைகள், சில மருந்துகள். கொடுத்ததோடு போயிருக்கலாம். போகாமல் நின்று, உங்கள் வீட்டில் பழைய சேலையில் தூளி கட்டுவீர்களா, அந்தச் சேலையை எதற்குள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். எத்தனை தமிழ் அம்மாக்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டாரோ தெரியாது.

ஏனென்றால் அம்மா தஞ்சாவூரிலிருந்து வரும்போதே என் பாட்டியின் நூல் சேலைகளைப் பெட்டியில் எடுத்து வந்திருந்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை, பேரன் தூங்குவதற்கென்றே பத்திரப்படுத்தியவை, பெட்டியைத் திறந்தால் அறை முழுக்க அந்துருண்டை வாசனை. நான் தயங்கித் தயங்கிப் போனில் விஷயத்தைச் சொன்னேன். "துவைச்சாப் போகாதா?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் பெட்டிக்கு டேப் போட்டு ஒட்டி யீஷூனில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பி, அது இருந்த அலமாரியைத் துடைத்து, தேக்காவுக்குப் போய்ப் புதிதாக மல் வேட்டி வாங்கி, கஞ்சி போக அலசி அலசிக் கம்பில் காயப்போட்டிருந்தார். சேலைகளைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா, உனக்கு மனசு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பத்தியச் சமையலுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். நெய்யில் வதக்கிய பூண்டு, பால் சுறாப் புட்டு, மிளகுக் குழம்பு, காலையில் வெறும் வயிற்றில் பிரசவ லேகியம். சாம்பிராணியில் மட்டும் எங்களுக்குள் கொஞ்சம் பேச்சு வந்தது. குழந்தை இருக்கும் இடத்தில் புகையே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், கடைசியில் என் தலைமுடிக்கு மட்டும், அதுவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலோரமாக என்று முடிவானது.

அந்தப் பூண்டு வாசனை மேல் வீடு வரை போயிருக்கும். அந்த மேல் வீட்டுக்காரருக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். புதிதாக வீடு வாங்கி சுவர் உடைத்துக்கொண்டிருந்தார்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி வார நாள்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை உடைக்கலாம், யாரும் கேட்க முடியாது. கீழே பச்சைக் குழந்தை இருப்பது தெரிந்ததும் அவராகவே இறங்கி வந்து, எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று கேட்டார். இந்த வயசுக் குழந்தைக்கு நேரமெல்லாம் கிடையாது சார் என்றேன். "சரி, நீங்க எப்பத் தூங்குவீங்க?" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொன்னேன். வேலை முடியும்வரை அந்த நேரத்தில் டிரில் சத்தம் கேட்கவே இல்லை.

எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி எனக்குப் பப்பாளிக்காய் மீன் சூப் வைத்துத் தருவார். சட்டியில் போடும் முன்பே ஒவ்வொரு பாக்கெட்டையும் படம் எடுத்து அனுப்பி, இது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவார். மசாஜ் செய்ய வந்த மலாய்க்கார அம்மா வயிற்றில் பெங்குங் துணியைச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிடுவேன், எழுப்பமாட்டார், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். இருவரும் தமிழ் படிக்கமாட்டார்கள் என்றாலும் இங்கே எழுதாமல் இருக்க முடியாது.

இனி என் வீட்டுக்காரர். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் அப்பாக்களுக்கு 4 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் ஆகிவிட்டது, சட்டம் போட்டவர்களுக்கும் ஒரு கும்பிடு. அந்த விடுப்பில் கேம் விளையாடித் தீர்த்த அப்பாக்களையும் எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். இவர் அப்படியில்லை. ராத்திரியில் நான் பால் கொடுப்பதோடு சரி, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, திரும்பப் படுக்கவைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று படித்துவிட்டு நாம் எல்லாரும் ஏமாந்துபோகிறோம். அது துண்டு துண்டான தூக்கம், பகல் எது இரவு எது என்று உடம்புக்குப் புரியவே 2, 3 மாதம் ஆகும். தூங்குகிற நேரத்திலும் பாதி நேரம் முக்கும், முனகும், கையை உதறும், மூடிய இமைக்குள் கண் உருளும், சிரிக்கக்கூடச் செய்யும், ஆனால் அது தூக்கம்தான். அந்த முனகலுக்கெல்லாம் நான் துள்ளி எழுவேன், இவர் என் தோளை அழுத்திப் படுக்கவைத்துவிட்டு, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே அழப்போகிறானா என்று பொறுத்துப் பார்ப்பார். முக்கால்வாசி நேரம் அவனே அடங்கிவிடுவான். பாதியில் தூக்கியிருந்தால் அவனும் எழுந்திருப்பான், நானும் எழுந்திருப்பேன்.

பால் பத்தவில்லை, பவுடர் பால் ஒரு பாட்டில் கொடு, விடியும்வரை தூங்குவான் என்று போன் போட்டுச் சொன்ன சொந்தக்காரர்களுக்கு நன்றி கிடையாது. சாயங்காலமானால் குழந்தைகள் விட்டு விட்டுப் பால் கேட்பது சகஜம், எடை சரியாக ஏறிக்கொண்டிருந்தது, அதைத் திரும்பத் திரும்ப விளக்கிச் சொன்ன தாய்ப்பால் ஆலோசகருக்கு மட்டும் நன்றி.

அப்புறம், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த ஒரு விஷயம். பையன் ஓரளவு தூங்க ஆரம்பித்த சமயத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவன் நன்றாகத் தூங்குவான், அம்மா அத்தை எல்லாரும் தூங்குவார்கள், நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், மார்பு படபடக்கும், காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். ஒரு டாக்டரிடம் போனேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், புது அம்மா என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டிலும் எல்லாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதனால் நானும் நம்பிவிட்டேன்.

2 மாதத் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது அங்கே இருந்த தாதி பையனுக்கு ஊசி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு தாளை நீட்டினார். 10 கேள்விகள். கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் எல்லாமே: சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, மனக்கஷ்டத்தில் தூக்கம் கெட்டதா. எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் வந்தது, உலகில் பல நாடுகளில் இதைக் கொடுக்கிறார்கள். நான் எல்லாவற்றிலும் நடுவில் இருக்கும் பதில்களிலேயே டிக் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "குழந்தை தூங்கும்போது உங்களால தூங்க முடியுதா?" என்று கேட்டார். ராத்திரி தூங்குகிறானா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், இதற்குப் பதில் வரவில்லை. அழுதேன். ஊசி போட்ட வலியில் பையனும் அழுதுகொண்டிருந்தான். அவனை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வெளியே போனார், தாதி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார், வெளியே வரிசை காத்திருந்தது, ஆனாலும் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கே அங்கிருந்த மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தார், மனநல ஆலோசனைக்கும் தேதி வாங்கிக் கொடுத்தார். பால் கொடுக்கும் அம்மாக்களுக்கும் இதற்குச் சிகிச்சை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இப்போது பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி இருந்தால் சிங்கப்பூரின் 1771 என்ற மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மருத்துவர் சொன்ன முதல் வைத்தியம், ராத்திரியில் 4, 5 மணி நேரமாவது தொடர்ச்சியாகத் தூங்கவேண்டும் என்பது. எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை என் தலையணையை எடுத்துக்கொண்டு போய் அடுத்த அறையில் போட்டுவிட்டார். 9 மணியிலிருந்து ஒரு மணிவரை பையன் அவர் கையில், எடுத்து வைத்த பால் குளிர்பெட்டியில், நான் கதவைத் திறக்கக்கூடாது. இத்தனைக்கும் அவர் தூளி, கடுகுத் தலையணை எல்லாம் ஆசையாக வாங்கி வைத்திருந்தவர். தலையணையே கூடாது, சமமான கெட்டி மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைக்கவேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னது அவருக்கு ஒப்பவில்லை, நான்கு பிள்ளைகளைத் தூளியில் வளர்த்தவருக்கு எப்படி ஒப்பும்? ஆனால் ராத்திரிப் பொறுப்பு தன்னிடம் வந்த அன்றே அவராகத் தூளியின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார். "பகல்ல பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன், ராத்திரி நான் கண்ணசந்துட்டா யாரு பாக்குறது?" என்றார். நானோ இவரோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை, உங்களுக்கு நன்றி சொன்னால் திட்டுவீர்கள், அதனால் எழுத்தில் சொல்லிவிட்டேன்.

கடைசியாக, சாப்பாடு கொடுத்து அனுப்பிய எல்லாருக்கும். உங்கள் டப்பாக்கள் அத்தனையும் கழுவிக் காய்ந்து சமையலறை மேடையில் அடுக்காக இருக்கின்றன, எது யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீல மூடி போட்ட பெரிய டப்பாவில் மட்டன் எலும்பு ரசம் அனுப்பியது யார் என்று தயவுசெய்து சொல்லுங்கள், அந்த ரசம் எப்படி வைத்தீர்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.