சைக்கிள் சங்க ஆண்டறிக்கை 2024–25: நான்கு மாவட்டமும் ஒரு வால் டியூப்பும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சவாரி ஆண்டு முழுக்க நடந்தது. சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஐந்து மணிக்கே கோட்டை எதிரில் கூடி, அமிர்தி வரை போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பினோம். வேலூர் வெயிலைப் பற்றி இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. போதிய ஆள் வராமல் தள்ளிப்போன கூட்டங்களும் உண்டு. வராதவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதால் மேலே பேசவில்லை. காட்பாடியில் இரவு வேலை முடிந்து போகிறவர்களின் சைக்கிளுக்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை இளைஞர் பிரிவு பார்த்துக்கொண்டது. நல்ல வேலை, தொடரட்டும்.

மீதி நேரத்தைத் தை மாதக் கடைசியில் நாம் போன மூன்று நாள் நிதிப் பயணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பழைய வடஆர்க்காடு மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று பொதுக்குழுவில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் மிச்சம் இருந்த வேலூரும் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரு கலெக்டர் பார்த்த ஊர்களை இப்போது நான்கு கலெக்டர்கள் பார்க்கிறார்கள். நமக்கென்ன, ரோடு அதே ரோடுதான்.

ஓட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு பணம் தருகிறோம் என்று தெரிந்தவர்களிடம் ஒவ்வொருவரும் வாக்கு வாங்கி வந்தோம். அந்தப் பணத்தில் ஜவ்வாது மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் தகராறு. பிளஸ் ஒன் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறதே, ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு நாம் வேறு என்ன செய்யப்போகிறோம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புது சைக்கிள் வாங்கித் தருவதில்லை, இருப்பதை ஓட வைப்பது என்று முடிவு செய்தோம். இதை முதலில் சொன்னவர் நம் வேலூர் சைதாப்பேட்டையில் கடை வைத்திருக்கும் நம் மெக்கானிக் அண்ணன். அவரைச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது.

முதல் நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தினகிரி, மேல்விஷாரம் தாண்டி ஆற்காடு டெல்லி கேட் பக்கம் டீ. அப்புறம் திமிரி வழியாக ஆரணி. அறுவடைக் காலம் என்பதால் பாதி ரோட்டில் நெல்லைக் கொட்டி, ஓரத்துக்குக் கல் வைத்துக் காயவிட்டிருந்தார்கள். லாரிக்கு வழிவிட்டு நெல்மேல் ஏறிய நம் உறுப்பினர் ஒருவர் வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, "நெல்லு போனா போவுது, நீ எழுந்திருப்பா" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குழுவில் நர்ஸ் ஒருவர் இருந்ததால் காயத்துக்கு அங்கேயே கட்டுப் போட்டாயிற்று. இரவு போளூரில் தங்கினோம்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் நாள். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலை ஏற வேண்டும். அடிவாரம் வரை எல்லோரும் ஒரே கூட்டமாகத்தான் வந்தோம். ஏற்றம் தொடங்கியதும் கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. கியர் சைக்கிள்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். சாதா சைக்கிளில் வந்தவர்கள் கொஞ்சம் மிதிப்பதும் கொஞ்சம் தள்ளுவதுமாக நடுவில். கடைசியில் மெக்கானிக் அண்ணன், கேரியரில் கட்டிய ஸ்பேனர் பெட்டியோடு. சாமான் வண்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொல்லியும் பெட்டியைக் கொடுக்கவில்லை. "வழியில எவனுக்காவது செயின் அறுந்தா வண்டியத் தேடிப் போவியா?" என்றார். அறுந்தது, ஒன்றல்ல. இரண்டு முறையும் முன்னால் போன கியர் சைக்கிள்கள்தான். ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போதே கியர் மாற்றினால் செயின் பக்கவாட்டில் இழுபட்டு, பலவீனமான கண்ணி விட்டுக்கொடுத்துவிடும். ஏற்றம் வருமுன்பே மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றும் நொடியில் மிதியைத் தளர்த்த வேண்டும். விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருக்கும் தம்பிகள் குறித்துக்கொள்ளவும்.

மதியத்துக்குள் ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் நமக்கு அனுமதி தந்திருந்த பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை. ஆனாலும் பிள்ளைகள் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து காத்திருந்தார்கள். எல்லாம் அரசு கொடுத்த சைக்கிள்கள். பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது, ஓடத்தான் இல்லை. கடை வரை கொண்டுபோனால் வீட்டில் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் மாட்டுக் கொட்டகையிலேயே சாய்த்து வைத்துவிடுகிறார்கள்.

ஒரு மாணவி, "தாத்தா, இதுல காத்தே நிக்க மாட்டேங்குது, டியூபு போயிடுச்சாம், புதுசு போடணும்னாங்க" என்று சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அண்ணன் டியூப்பைக் கழற்றவே இல்லை. வால்வின் நெட்டைத் திருகி, உள்ளே இருந்த குச்சியை உருவிக் காட்டினார். காற்று வெளியே வராமல் தடுக்க அதன்மேல் இருக்க வேண்டிய சின்ன ரப்பர் குழாய் வெயிலுக்கு இளகி, பிசின் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. "டியூபு நல்லாத்தான் இருக்கு பாப்பா. செத்தது இந்த வால் டியூபு." மடியில் சுற்றி வைத்திருந்த ரப்பரில் அரை விரல் நீளம் வெட்டி, எச்சில் தொட்டுக் குச்சியில் ஏற்றினார். நெட்டை முறுக்கிக் காற்றடித்தார். வால்வு வாயில் மறுபடி எச்சில் தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. அடுத்த சைக்கிளை அந்தப் பெண்ணையே செய்ய வைத்தார். அதற்கடுத்ததை அவள் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தாள். சில ரூபாய்கூடப் பெறாத ரப்பர் துண்டு இல்லாமல் எத்தனை சைக்கிள் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது என்று பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிரேக் கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலை இறக்கத்தில் ரப்பர் தேய்ந்து, இரும்பே ரிம்மில் உரசிக்கொண்டிருந்த சைக்கிள்கள் நிறைய. பிள்ளைகள் செருப்புக் காலை முன்சக்கரத்தில் வைத்து நிறுத்தப் பழகியிருக்கிறார்கள். நாம் கொண்டுபோன பிரேக் கட்டைகள் மாலைக்கு முன்பே தீர்ந்துவிட்டன. டியூப்பும் பஞ்சர் பசையும் மிச்சம். எது அதிகம் தேவைப்படும் என்று சமவெளிக் கணக்கில் நினைத்துவிட்டோம். மலைக்குப் பிரேக்தான் முதலில். பற்றாமல் போனதை மறுவாரமே இளைஞர் பிரிவு பஸ்ஸில் அனுப்பிவைத்தது. பள்ளியில் ஒரு காற்றடிக்கும் பம்பு, ஸ்பேனர்கள், ஸ்போக் சாவி, கிரீஸ் டப்பா வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அவற்றைப் பூட்டி வைக்கும் சாவி தலைமை ஆசிரியரிடம் இல்லை, பிள்ளைகளிடமே இருக்கிறது. இது அண்ணன் போட்ட நிபந்தனை. ராத்திரி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். குளிருக்குப் போர்வை கொண்டுவராதவர்கள் விடிய விடிய அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறக்கம். 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு எதிரில் எல்லோரையும் நிறுத்தினோம். வானம் பார்க்க அல்ல, ரிம் சூடு ஆற. அப்புறம் வாணியம்பாடி, ஆம்பூர். ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்டதில் ஒரு மணி நேரம் தாமதம். இதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நெடுஞ்சாலையில் எதிர்காற்றில் பள்ளிகொண்டா தாண்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் வந்தோம். இந்த நெடுஞ்சாலைத் துண்டை அடுத்த ஆண்டு தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. லாரிகளுக்கு நடுவில் ஓட்டுவதில் வீரம் ஒன்றும் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஒன்றை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்கு ஆன செலவு அதிகம். அடுத்த பயணத்துக்கு டி-ஷர்ட் வேண்டாம், அந்தப் பணத்தில் பிரேக் கட்டையும் வால் டியூப் ரப்பரும் வாங்கலாம் என்று நிர்வாகக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓட்டெடுப்பு இன்று. படம் எடுக்க எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பவர்கள் அவரவர் வெள்ளைச் சட்டையில் வரலாம்.

வாக்குக் கொடுத்து இன்னும் பணம் வராத பெயர்கள் பொருளாளரின் நோட்டில் இருக்கின்றன. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று வெளியே போகுமுன் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளவும். துணைச் செயலாளர் பதவி காலியாக இருக்கிறது. வடக்கே பொன்னை ஆற்றுப் பக்கம் ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்ய ஆள் தேவை என்பதால், காலையில் எழக்கூடியவராகப் பார்த்து முன்மொழியுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்